சிக்னேச்சர் ஸ்னேர், ஸ்டார் டிரம்மர் விளம்பரம்: கூடுதல் காசு எதற்கு?

டிரம்ஸ் கடையில் ஒரே கம்பெனியின் இரண்டு ஸ்னேர் (அடியில் கம்பி வைத்த டிரம்) பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டும் 14 அங்குலம், இரண்டும் எஃகு. ஒன்றில் மட்டும் ஒரு பெரிய டிரம்மரின் கையெழுத்து இருக்கும், விலையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக இருக்கும். அந்தக் கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது? பெயருக்குப் பின்னால் ஓர் அளவோ, ஓர் உலோகமோ, ஒரு வேலைப்பாடோ இருந்தால் கொடுக்கலாம். பெயர் மட்டும்தான் என்றால் வேண்டாம். ஒரு முழு செட்டில் காசு காதில் கேட்கிற முதல் இடம் சிம்பல். அடுத்து ஹெட், அதாவது அடி விழும் ‘தோல்’; அதற்கடுத்து பெடல். எல்லாரும் முதலில் பார்க்கிற மர ஷெல், அதாவது டிரம்மின் உருளை உடல், நாலாவதாகத்தான் வருகிறது.

எண்டார்ஸ்மென்ட், அதாவது டிரம்மர் ஒரு கம்பெனியின் விளம்பர முகமாக இருக்கும் ஒப்பந்தம், என்றாலே கம்பெனி கிட்டை (முழு டிரம் செட்) சும்மா கொடுத்து மேலே பணமும் கொடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது மிகச் சிலருக்கு மட்டும். அடுத்த தட்டில் இருப்பவர்களுக்குப் பொருள் இலவசம், பணம் கிடையாது. அதற்கும் கீழே இருப்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்கள் ‘ஆர்ட்டிஸ்ட் விலை’ என்ற தள்ளுபடியில் சொந்தக் காசு போட்டு வாங்குகிறார்கள். பதிலுக்குப் போட்டிக் கம்பெனியின் பொருளை மேடையில் காட்டக் கூடாது, காலால் அடிக்கும் கிக் டிரம்மின் முன் ஹெட்டில் லோகோ தெரிய வேண்டும், படம் போட்டால் டேக் செய்ய வேண்டும். பெயர் பொறித்த மாடல் வந்தால் விற்பனையில் ஒரு பங்கு ராயல்டி. வியாபாரம் என்ற அளவில் இதில் தப்பேதும் இல்லை. ஆனால் அவர் நன்றாக வாசித்துப் பெயர் வாங்கிய பிறகுதான் கம்பெனி அவரைத் தேடி வந்தது என்பதை வாங்குகிறவர் மறக்கக் கூடாது. வெளிநாட்டுக் கச்சேரியில் நீங்கள் பார்க்கிற கிட்கூடப் பல சமயம் அவருடையது இல்லை. அந்த ஊர் வாடகைக்காரர் கொண்டுவந்து இறக்கிய அதே பிராண்ட் கிட்.

இந்த வியாபாரத்துக்குப் பெரிய முன்மாதிரி கம்பெனிக்குச் செலவே இல்லாமல் அமைந்தது. 1963இல் பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் லண்டனில் டிரம் சிட்டி என்ற கடையில் ஒரு லட்விக் கிட்டைத் தேர்ந்தெடுத்தார். அவருக்குப் பிடித்துப்போனது அதன் கறுப்பு முத்து நிறம். மரத்தின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறை அது. 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்க டிவியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்தபோது சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். கிக் டிரம்மில் லட்விக் என்ற எழுத்து. அதன் பிறகு சிகாகோவில் இருந்த லட்விக் தொழிற்சாலை இரவு பகலாக ஓட வேண்டியதாயிற்று. நல்ல கிட்தான், சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கு ஆர்டர் கொடுத்தவர்களில் எத்தனை பேர் ஷெல்லின் மரம் என்னவென்று கேட்டிருப்பார்கள்?

ரஷ் என்ற ராக் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட் கதை இன்னும் சுவாரசியம். ஸ்லிங்கர்லாண்ட், டாமா, லட்விக், டி.டபிள்யூ. என்று கம்பெனி மாறிக்கொண்டே போனவர். கிட் மொத்தமும் மாறிய பிறகும் ஸ்னேர் ஸ்டாண்டில் பல வருடம் இருந்தது, இரண்டாம் கையாக வாங்கிய ஒரு பழைய ஸ்லிங்கர்லாண்ட் மர ஸ்னேர். டாமா விளம்பரத்தில் அவரைப் பார்த்து டாமா ஸ்னேர் வாங்கியவருக்கு ரெக்கார்டில் கேட்ட ஒலி கிடைத்திருக்காது. விளம்பரத்தில் பொய் எதுவும் இல்லை, அவர் டாமா கிட்தான் வாசித்தார். விளம்பரம் சொல்லாமல் விட்டது அந்த ஒரு ஸ்னேரை மட்டும்.

சிம்பல்

இங்கேதான் விலைக்கு அர்த்தம் இருக்கிறது. மலிவான டாமில் (ஸ்னேர் கம்பி இல்லாத டிரம்) நல்ல ஹெட் போட்டு ட்யூன் செய்தால் சமாளித்துவிடலாம். சிம்பலை ட்யூன் செய்ய வழியே இல்லை. தகரச் சத்தம் போடுகிற கிராஷ் (அழுத்தம் கொடுக்க அடிக்கும் சிம்பல்) கடைசிவரை அப்படித்தான் கத்தும்.

ஆரம்பநிலை கிட்டோடு பெட்டியில் வருபவை பெரும்பாலும் பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும். மைன்லின் எச்.சி.எஸ்., சேபியனின் எஸ்.பி.ஆர். எல்லாம் இந்த ரகம். அடுத்த படி பி8: 92 சதவீதம் செம்பு, 8 சதவீதம் வெள்ளீயம். இதைத் தகடாக உருட்டி வட்டமாக வெட்டி எடுக்கலாம் என்பதால் விலை குறைகிறது, ஒன்றுக்கொன்று வித்தியாசமும் குறைகிறது. பி20 என்பது 80க்கு 20. வெள்ளீயம் ஏறியதும் உலோகம் குளிர்ந்த நிலையில் நொறுங்கும். அதனால் வார்த்து, சூட்டிலேயே பல தடவை உருட்டி, சுத்தியலால் தட்டி, கடைசலில் சீவி எடுக்க வேண்டும். அந்த உழைப்புக்குத்தான் விலை. 1623இல் கான்ஸ்டான்டிநோபிளில் தொடங்கிய ஸில்ஜியனின் ஏ, கே வரிசைகளும், அந்தக் குடும்பத்திலிருந்தே பிரிந்த ராபர்ட் ஸில்ஜியன் 1981இல் கனடாவில் தொடங்கிய சேபியனின் ஏ.ஏ., எச்.எச். வரிசைகளும் பி20.

பி20 என்றால் உசத்தி, பி8 என்றால் மட்டம் என்று கடைகளில் ஒரு வாய்ப்பாடு ஓடுகிறது. பைஸ்டேயின் புகழ்பெற்ற 2002 வரிசை பி8தான்; லெட் செப்பலினின் ஜான் பான்ஹம் அடித்துத் தள்ளியது அதைத்தான். அதே கம்பெனியின் பி.எஸ்.டி. 7 வரிசையும் பி8தான், விலை மிகவும் குறைவு. உலோகம் ஒன்றாக இருந்தும் விலை ஏறுவதற்குச் சுத்தியல் வேலையும் கடைசலும் எடைத் தேர்வும் காரணம். ஆகவே கலவையின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காமல் காதால் முடிவெடுங்கள்.

ரைடுக்கு, அதாவது தாளத்தை விடாமல் ஓட்டும் சிம்பலுக்கு, ஒரு சோதனை போதும். விளிம்புக்கும் மையத்தில் புடைத்த மணிக்கும் நடுவில் ஸ்டிக் நுனியால், மிதமான வேகத்தில், இரண்டு நிமிடம் விடாமல் வாசியுங்கள். நல்ல ரைடில் ஒவ்வொரு அடியின் ‘டிக்’ தனித்தனியாகக் கேட்கும். அடியில் ஓடுகிற முழக்கம் ஒரு மட்டத்துக்கு வந்து அங்கேயே நிற்கும். மோசமான ரைடில் அரை நிமிடத்துக்குள் முழக்கம் ஏறி அடிகளை விழுங்கிவிடும். கடையில் நாலு தட்டு தட்டிப் பார்த்தால் இது தெரியாது, அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிராஷை மெதுவாக அடித்துப் பாருங்கள். பலமாக அடித்தால்தான் முழு ஒலியும் திறக்கும் என்றால் சின்ன ஹாலுக்கு அது உதவாது. ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டைக் காலால் மட்டும் மூடித் திறங்கள். ‘சிக்’ என்று சுருக்கமாக வர வேண்டும். காற்று அடைத்து ‘புஸ்’ என்றால் ஸ்டாண்டில் கீழ்த் தட்டுக்கு அடியில் உள்ள திருகைக் கொஞ்சம் ஏற்றிச் சாய்வு கொடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் வேறு ஜோடி பாருங்கள்.

வாங்கும் வரிசை: முதலில் ஹை-ஹேட், பிறகு ரைடு, கடைசியில் கிராஷ். சர்ச்சிலும் மெல்லிசை மேடையிலும் நேரத்தில் பெரும்பங்கு ஹை-ஹேட்டில்தான் போகிறது. கிராஷ்தான் முதலில் விரிசல் விடும், அதில் காசைக் கொட்டினால் மனசு வலிக்கும். விரிசலுக்குக் காரணம் அனேகமாக வாசிப்பவர் பக்கம்தான். விங் நட்டை இறுக முறுக்கிவிடுவது, சிம்பலை ஆளுயரத்துக்குத் தூக்கி விளிம்பில் நேராகக் குத்துவது, நடுத் துளையில் பிளாஸ்டிக் குழாய் இல்லாமல் ஸ்டாண்டின் இரும்பு மரையிலேயே உட்கார வைப்பது, இந்த மூன்றும் போதும். கடைசிக் குற்றத்தால் துளை சாவித் துவாரம்போல நீள்கிறது, விரிசல் அங்கிருந்து புறப்படுகிறது. நாலணாப் பொருள் அந்தப் பிளாஸ்டிக் குழாய்; ஒரு டஜன் வாங்கிப் பையில் போட்டு வைக்கலாம்.

இன்னொன்று, வீட்டில் பித்தளை விளக்கும் பழக்கத்தில் சிம்பலைப் புளியோ பீதாம்பரியோ போட்டுத் தேய்க்காதீர்கள். லோகோ முதல் நாளே போய்விடும், பொடி கடைசல் வரிகளில் போய் உட்காரும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கைரேகையைத் துடைத்தால் அதுவே பராமரிப்பு.

மர ஷெல்

ஷெல் எந்த மரம் என்பது ஒலியை மாற்றும். ஆனால் ஹெட், ட்யூனிங், ஷெல்லின் விட்டம், பேரிங் எட்ஜ் எனப்படும் மேல் விளிம்பு, இவை நாலும் மாற்றுவதைவிடக் குறைவாகத்தான் மாற்றும். மைக் வைத்து, ஈக்யூ போட்டு, கேட் போட்டு ஸ்பீக்கரில் வரும்போது மேப்பிளா பிர்ச்சா என்று கண்டுபிடிக்கிறவர் மிகக் குறைவு. யமஹா ஸ்டேஜ் கஸ்டம் முழுக்க பிர்ச். விலையில் அதைவிடப் பல மடங்கு மேலே நிற்கும் யமஹா ரெக்கார்டிங் கஸ்டமும் பிர்ச்தான். நுணுக்கம், லக் (ஹெட்டை இறுக்கும் திருகு மாட்டும் பிடி) அமைப்பு, பூச்சு எல்லாம் வேறு என்பது உண்மை. ஆனால் கல்யாண மண்டபத்தில் வாசிக்கிறவருக்கு அந்த விலை வித்தியாசம் சிம்பலில் போனால்தான் லாபம். 1982இல் வந்த பேர்ல் எக்ஸ்போர்ட்டும் இதே வாதத்தால்தான் உலகம் முழுக்க விற்றது: சுமாரான மரம், நல்ல ஹார்டுவேர், கட்டுப்படியாகும் விலை.

மரத்தைவிட விளிம்பைப் பாருங்கள். ஹெட் உட்கார்வது அதில்தான். இரண்டு ஹெட்டையும் கழற்றிவிட்டு, ஷெல்லை ஒரு கண்ணாடி மேசையிலோ கிரானைட் மேடையிலோ கவிழ்த்து வையுங்கள். உள்ளே செல்போன் டார்ச்சை எரியவிட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு விளிம்போரமாகக் கண்ணை வைத்துச் சுற்றி வாருங்கள். எங்கேயாவது வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கே பள்ளம். அந்த இடத்துக்கு நேரான லக் எப்போதும் ஸ்ருதி சேராது. எத்தனை விலை ஹெட் போட்டாலும் டாம் உறுமும். அடுத்து, ஹெட்டை ஷெல் மேல் வெறுமனே வைத்து விரலால் சுற்றிவிடுங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். பிடித்துக்கொண்டால் ஷெல் வட்டம் கெட்டிருக்கிறது, அல்லது உறை ஒட்டிய இடம் தடித்திருக்கிறது. பெயர் பெற்ற பிராண்ட் கிட்டிலும் இந்தக் குறை வரும், சாதாரண கிட்டிலும் சுத்தமான விளிம்பு கிடைக்கும்.

விலை உயர்ந்த கிட்டில் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை ஸ்பேர். பெரும்பாலான கம்பெனிகளின் டென்ஷன் ராடு, அதாவது ஹெட்டை இறுக்கும் திருகு, 12-24 என்ற மரை. ஒன்று தொலைந்தால் எந்த டிரம்ஸ் கடையிலும் வேறொன்று வாங்கிப் போட்டுவிடலாம். டி.டபிள்யூ.வின் ட்ரூ-பிட்ச் ராடு 10-32, அதைவிட நுண்ணிய மரை. ட்யூன் செய்ய அருமையானது. சனிக்கிழமை இரவு ஒன்று தொலைந்தால் ஞாயிறு ஆராதனைக்குள் கிடைக்காது. சாதாரண ராடைப் போட்டு முறுக்கினால் லக்கே கெட்டுவிடும். இப்படிப்பட்ட கிட் வாங்குகிறவர்கள் அன்றைக்கே அரை டஜன் ராடு சேர்த்து வாங்கிவிட வேண்டும்.

ஹெட்டும் ட்யூனிங்கும்

ரெமோ பெல்லி 1957இல் பாலியெஸ்டர் ஹெட் செய்யக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து தோலுக்கு வேலை இல்லை. என்றாலும் நம் ஆட்கள் இன்றும் ‘தோல் மாத்தணும்’ என்றுதான் சொல்கிறார்கள். விலைக்கு மிக அதிகப் பலன் தருவது இதுதான். ரெமோ அம்பாசடர், எவன்ஸ் ஜி1 இரண்டும் ஒற்றை அடுக்கு, 10 மில். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. திறந்த ஒலி, நீண்ட ரீங்காரம். எம்பரர், ஜி2 இரண்டும் 7 மில் தகடு இரண்டு அடுக்கு. ரீங்காரம் குறையும், பலமாக அடிப்பவர் கையில் நாள்பட உழைக்கும். ஸ்னேரின் அடிப்பக்க ஹெட் பெரும்பாலும் 3 மில் மட்டுமே. அவசரத்தில் மேல் ஹெட்டை அடியில் போட்டுவிட்டு ஸ்னேரே பேசவில்லை என்று கம்பெனியைத் திட்டுகிறவர்களும் உண்டு.

மாற்றும்போது விளிம்பை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஹெட்டை வைத்து எல்லா ராடையும் விரலால் முட்டும்வரை மட்டும் திருகுங்கள். பிறகு எதிரெதிர் ஜோடியாக அரைச் சுற்று. உள்ளங்கையால் நடுவில் அழுத்துங்கள். படபடவென்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், வளையத்துக்குள் இருக்கும் பசை இளகி ஹெட் உட்காருகிறது. அதன் பிறகு சுருக்கம் போகும்வரை கால் சுற்றாக ஏற்றுங்கள். நடுவில் ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு லக்குக்கும் ஓர் அங்குலம் உள்ளே தட்டி, எல்லாம் ஒரே ஸ்ருதி என்று ஆனதும் நிறுத்துங்கள். டாமில் அடி ஹெட்டை மேல் ஹெட்டைவிடக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் ஒலி நீளும். டாமை அடிக்கும்போதெல்லாம் ஸ்னேர் கம்பி இரைகிறதா? ஸ்னேரின் அடியில் கம்பிக்கு இருபுறமும் உள்ள லக்குகளைச் சிறிது தளர்த்துங்கள், அல்லது அந்த டாமின் ஸ்ருதியைக் கொஞ்சம் நகர்த்துங்கள். டேப்பும் டிஷ்யூவும் ஒட்டி டிரம்மை மூச்சுத் திணற வைப்பது கடைசி வழி.

சிவமணி தண்ணீர் கேனிலும் வாளியிலும் சூட்கேஸிலும் வாசித்துக் கூட்டத்தைக் கட்டிப்போடுவதை நம் ஊர் பார்த்திருக்கிறது. அதைக் காட்டிக் கருவி எதுவானாலும் ஒன்றுதான் என்று வாதாடுவதும் தப்பு. அவர் அந்தப் பொருளின் ஒலி தெரிந்து பொறுக்கி எடுக்கிறார்.

கையெழுத்துப் போட்ட பொருள்கள்

மெட்டாலிகா டிரம்மர் லார்ஸ் உல்ரிக் பெயரில் டாமா செய்யும் ஸ்னேர் 14க்கு 6.5 அங்குல எஃகு, பஸ் படியில் போடுகிற புடைப்புத் தகடுபோல வைர வடிவம் பொறித்தது. சத்தம் பெரிது, கனமும் பெரிது. மெட்டல் வாசித்து, அந்தத் தோற்றமும் பிடித்திருந்தால் வாங்குங்கள். ஒலிதான் வேண்டும் என்றால், அதே அளவு எஃகு ஸ்னேரைக் கையெழுத்து இல்லாமல் வாங்கி, ஹெட்டைப் பிடிக்கும் சாதாரண வளையத்தைக் கழற்றிவிட்டு டை-காஸ்ட் (வார்ப்பு) வளையம் போட்டால் வெகு அருகில் வந்துவிடும். வளையம் வாங்கும் முன் லக் எட்டா பத்தா என்று எண்ணிக்கொள்ளுங்கள். துளை பொருந்தாத வளையத்தைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

லட்விக் சுப்ராஃபோனிக் யார் பெயரும் பொறிக்காதது, ஆனால் பெயரால் விற்கிறது. ரெக்கார்டிங்குகளில் இதற்கு இணையாகப் புழங்கிய ஸ்னேர் சொல்வது கடினம், பான்ஹமும் இதன் 6.5 அங்குல வடிவத்தைத்தான் வைத்திருந்தார். அலுமினிய ஷெல், மேலே குரோம். எந்த ஸ்ருதிக்கும் ஒத்துழைக்கும். குறை அந்தக் குரோமில்: அலுமினியத்தின் மேல் சரியாகப் பிடிக்காமல் கொப்புளித்து உரியும், கடற்கரை ஊர்களில் சீக்கிரம். ஒலிக்குப் பாதிப்பில்லை, மறுவிற்பனை விலைக்குப் பாதிப்பு உண்டு. அதே கம்பெனி மாணவர்களுக்கென்று செய்த அக்ரோலைட்டும் அலுமினியம்தான், பத்து லக்குக்குப் பதில் எட்டு, குரோம் இல்லை. பழையது ஒன்று கண்ணில் பட்டால் விட வேண்டாம்.

ஸ்டிக் மட்டும் விதிவிலக்கு. பெயர் போட்ட ஸ்டிக்குக்கு விலை வித்தியாசம் பெரிதாக இல்லை, கிடைப்பது உண்மையிலேயே வேறு அளவு. விக் ஃபர்த்தின் சாதாரண 5ஏ 16 அங்குல நீளம், 0.565 அங்குல விட்டம். ஸ்டீவ் காட் ஸ்டிக் 15¾ அங்குலம், 0.550 விட்டம், நுனி பீப்பாய் வடிவம், நிறம் கறுப்பு. கையில் எடுத்தவுடன் வித்தியாசம் தெரியும், ரைடில் கேட்கவும் செய்யும். கறுப்புப் பூச்சு ஹெட்டில் கறை வைக்கும், அவ்வளவுதான். எந்த ஸ்டிக்கானாலும் கடைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், நெளிந்து ஓடினால் வளைவு. இரண்டையும் தலையில் தட்டிக் கேட்டால் ஸ்ருதி ஒன்றா என்று தெரிந்துவிடும்.

பெடலில் பெயரை விடுத்து பேரிங்கைப் பாருங்கள். ஸ்ப்ரிங்கை இயல்பான இறுக்கத்தில் வைத்து, பீட்டரை (டிரம்மை அடிக்கும் சுத்தி) பின்னால் இழுத்து விட்டால் கடிகாரப் பெண்டுலம்போல நெடுநேரம் ஆட வேண்டும். நாலு ஆட்டத்தில் நின்றால் பேரிங்கில் உரசல். பீட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள், தடதடவென்றால் அச்சும் குதிகால் கீலும் தேய்ந்தவை. டாமா அயர்ன் கோப்ராவின் 200 மாடலே பெரும்பாலோருக்குப் போதும், 900, டி.டபிள்யூ. 5000 எல்லாம் தினமும் மணிக்கணக்கில் வாசிப்பவருக்கு, அல்லது டபுள் பெடல்காரருக்கு. இரட்டை பெடலில் மலிவானது வாங்கவே வாங்காதீர்கள், இணைப்புத் தண்டின் தளர்ச்சியால் இடது கால் எப்போதும் பிந்தும்.

கையில் இருக்கும் தொகையை நூறாகப் பிரித்தால் என் கணக்கு இது: சிம்பலுக்கு 40, இரண்டாம் கை ஷெல்லுக்கு 30, பெடலுக்கும் உட்காரும் சீட்டுக்கும் 15, ஹெட்டுக்கு 10, மிச்சம் ஸ்டிக், ட்யூனிங் சாவி, ஃபெல்ட், பிளாஸ்டிக் குழாய். சிக்னேச்சர் ஸ்னேர் இந்தப் பட்டியலில் இல்லை. எல்லாம் அமைந்து, வாசித்துச் சம்பாதித்து, ஆசைக்கு வாங்கினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. அப்போதும் இரண்டாம் கையில் தேடுங்கள். கையெழுத்துக்காக வாங்கியவர்களில் பலர் சீக்கிரம் விற்றுவிடுகிறார்கள். விலை பேசும் முன் ஸ்ட்ரெய்னரை (ஸ்னேர் கம்பியை இறுக்கித் தளர்த்தும் நெம்புகோல்) இருபது தடவை போட்டு எடுத்துப் பாருங்கள், நழுவக் கூடாது. எல்லா லக்கிலும் ஒவ்வொரு ராடையும் விரலால் முழுக்கக் கழற்றி மாட்டுங்கள். ஒன்று பாதியில் சிக்கினாலும் மரை போயிருக்கிறது, அந்த லக்கின் விலையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் பேசலாம்.